படத்தில் இல்லாத ஆசான்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



நம் பகுதியில் புனித தேவசகாயத்தின் படம் இல்லாத வீடு இப்போது குறைவு. 2012 டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டபோது நம்மில் பலர் ஒரு படம் வாங்கிச் சுவரில் மாட்டினோம். 2022 மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையில் அவரைப் புனிதராக அறிவித்தபோது மீதிப் பேரும் வாங்கினோம். சங்கிலியால் பிணைக்கப்பட்ட கைகள், இடுப்பில் வேட்டி, செபத்தில் ஆழ்ந்த முகம். கண்ணை மூடினாலும் அந்தப் படம் நம் மனத்தில் வரும். அந்தப் படத்தில் இருப்பவரைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம். இன்று அந்தப் படத்தில் இல்லாத ஒருவரைப் பற்றிச் சிந்திப்போம். அவர் இல்லாமல் அந்தப் படமே இல்லை.

அவர் பெயர் எவுஸ்தாக்கியுஸ் டிலனாய். நம் ஊரிலிருந்து கடலோரமாக மேற்கே போனால் வரும் குளச்சலில்தான் அவருடைய கதை நம் மண்ணோடு கலந்தது. 1741 ஆகஸ்ட் 10-ஆம் நாள் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைத் தோற்கடித்தது. சிறைப்பிடிக்கப்பட்டவர்களில் ஒருவர் டிலனாய். அவரிடமிருந்த திறமையைக் கண்ட மன்னர், அவரைத் தம் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். கைதியாக வந்தவர் பின்னாளில் 'வலிய கப்பித்தான்' என்று அழைக்கப்படும் அளவுக்கு உயர்ந்தார். குளச்சலில் நிற்கும் வெற்றித்தூணைப் பார்த்தவர்களுக்கு இந்த அளவு தெரிந்திருக்கும்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனவர்கள் அங்கே ஓர் ஓவியத்தைப் பார்த்திருப்பீர்கள். குளச்சல் போர் முடிந்து டிலனாய் மன்னரிடம் சரணடையும் காட்சி. பக்கத்தில் நின்று பார்த்து வரைந்த படம் அல்ல, பிற்காலத்தில் வரைந்தது. ஆனால் டிலனாய் என்றதும் நம் கண்முன் வருவது அந்தப் படம்தான்: வென்ற அரசர், தோற்ற அந்நியர். ஒரு படத்துக்கு எவ்வளவு பலம் பாருங்கள். அந்த மனிதர் அதற்குப் பிறகு முப்பத்தாறு ஆண்டுகள் இந்த மண்ணில் வாழ்ந்தார். கோட்டைகளைப் பலப்படுத்தினார், படை நடத்தினார், குடும்பம் வைத்தார், மகனைப் பறிகொடுத்தார். அவ்வளவையும் விட்டுவிட்டு, தோற்று நின்ற அந்த ஒரு நிமிடத்தில் அவரை நிறுத்திவிட்டது ஓர் ஓவியம்.

வேறொரு காட்சியை யாராவது வரைந்திருக்கலாம். அதைச் சொல்கிறோம், மனத்தில் வரைந்துகொள்ளுங்கள்.

நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23-ஆம் நாள் பிறந்த நீலகண்டன், பத்மநாபபுரம் நீலகண்டசுவாமி கோயிலில் பணி செய்தவர், பிறகு அரசு அலுவலராக இருந்தவர். பதவி, செல்வாக்கு, நிலபுலம் எல்லாம் இருந்தன. பிறகு ஒரு கெட்ட காலம் வந்தது. மாடுகள் செத்தன, பயிர் அழிந்தது, கைப்பொருள் கரைந்தது. அவருடைய முகவாட்டத்தைப் பார்த்து டிலனாய் என்னவென்று விசாரித்தார் என்று நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். இவர் மனம் திறந்தார். அவர் யோபுவின் கதையைச் சொன்னார்.

இந்த இடத்தில் சற்று நிற்போம். வழக்கமாக நாம் இதை வேகமாகக் கடந்து 'பிறகு மனம் மாறினார், திருமுழுக்குப் பெற்றார்' என்று போய்விடுகிறோம்.

முதலில், டிலனாய் பேசத் தொடங்கவில்லை. முகத்தைப் பார்த்தார், கேட்டார். நம்மில் எத்தனை பேர் அடுத்தவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறோம்? இரண்டாவதாக, உன் மாடு திரும்பி வரும், பயிர் திரும்ப விளையும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. இந்தக் கடவுளைக் கும்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தால், அந்த நீலகண்டன் நான்கு ஆண்டுகள் கழித்துக் கைது செய்யப்பட்ட நாளிலேயே விட்டுவிட்டுப் போயிருப்பார். டிலனாய் சொன்ன கதை, மாட்டையும் பயிரையும் பிள்ளைகளையும் உடல் நலத்தையும் இழந்த ஒரு மனிதனின் கதை. அதில் வரும் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் பேசாமல் உடன் உட்கார்ந்திருந்தபோது நல்லவர்களாக இருந்தார்கள், வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியதும்தான் கெடுத்தார்கள் என்பதை விவிலியத்தை வாசித்தவர்கள் அறிவீர்கள். அழுகிறவனுக்குக் காரணம் கற்பிக்காத ஒரு கதையை, அழுகிற ஒருவருக்கு எடுத்துக் கொடுத்தார் டிலனாய். அவருடைய தேர்வைக் கண்டு, இறையியல் படித்த நாமே வியக்க வேண்டும்.

அவர் இறையியல் படித்தவர் அல்ல. குருவும் அல்ல, துறவியும் அல்ல. போர் வீரர், பொதுநிலையினர். அதிலும் கைதி. இன்னொன்றும் உண்டு. டிலனாய் பிறந்தது 1715-இல். அதாவது சீடரைவிட ஆசான் மூன்று வயது இளையவர். வழிகாட்டி என்றால் நரைத்த தாடி இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். முப்பது வயதுகூட நிறையாத ஓர் அந்நியக் கைதி, நாயர் குலத்து அரண்மனை அலுவலருக்கு வழிகாட்டினார்.

அதன் பின் அவர் செய்ததுதான் நமக்குப் பெரிய பாடம். தம்மிடம் வந்தவரைத் தம்மிடமே வைத்துக்கொள்ளவில்லை. வடக்கன்குளத்தில் பணி செய்த இயேசு சபைக் குரு ஜொவான்னி பத்திஸ்தா புத்தாரியிடம் அனுப்பிவைத்தார். நம் மக்கள் பரஞ்சோதி நாதர் என்று பெயர் வைத்து அழைத்தவர் இவரே. அவர் நீலகண்டனுக்குக் கற்பித்து, சோதித்து, 1745 மே 14-ஆம் நாள் திருமுழுக்குக் கொடுத்தார். இலாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார். சாமுவேலைக் கடவுள் கூப்பிட்டபோது, கிழவர் ஏலி, என்னிடம் வராதே, அவரிடம் போ என்று திருப்பி அனுப்பினார் அல்லவா? ஏலியிடம் எத்தனையோ குறை. ஆனால் அந்த ஓர் இரவில் அவர் நல்ல ஆசானாக இருந்தார். சிறுவன் தம்மிடம் ஓடி வருவதை அவர் விரும்பியிருக்கலாம். இருந்தாலும் திருப்பி அனுப்பினார்.

இனி படங்களுக்கு வருவோம். படமும் ஆசானும் எப்படி ஒன்றாகச் சேர்கிறார்கள் என்பதைச் சொன்னால்தான் இன்றைய சிந்தனை முழுமை பெறும்.

திருஅவையில் படங்களைப் பற்றிய சண்டை புதிதல்ல. நம்மைப் பார்த்து 'சுரூபத்தைக் கும்பிடுகிறீர்களே' என்று பிற சபைச் சகோதரர்கள் கேட்கும்போது பலருக்கும் பதில் வருவதில்லை, கோபம்தான் வருகிறது. கோபப்பட ஒன்றுமில்லை. எட்டாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர்களே படங்களை உடைக்கச் சொன்னார்கள். அப்போது எருசலேம் பக்கத்தில் வாழ்ந்த துறவி புனித தமஸ்கு யோவான் கொடுத்த பதில் எளிமையானது: கடவுளுக்கு உருவம் இல்லாதிருந்தபோது அவரை யாரும் வரைய முடியாது, வரையவும் கூடாது. ஆனால் அவர் மனிதரானார், முகம் எடுத்தார், மக்கள் அந்த முகத்தைக் கண்டார்கள். கண்ட முகத்தை வரையலாம். 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் இதை உறுதி செய்தது. படத்துக்குச் செய்யும் மரியாதை மரத்துக்கும் வண்ணத்துக்கும் போவதில்லை, அதில் வரையப்பட்டவருக்கே போகிறது. ஆராதனையோ கடவுள் ஒருவருக்கே. வெளிநாட்டில் வேலை செய்யும் மகனின் புகைப்படத்தை ஒரு தாய் முத்தமிட்டால், காகிதத்தை முத்தமிடுகிறாள் என்று யாராவது சொல்வார்களா?

அதற்கு முன்னரே, கி.பி. 600-இல், திருத்தந்தை பெரிய கிரகோரி ஒரு கடிதம் எழுதினார். மர்சேய் நகர ஆயர் செரேனுஸ், மக்கள் படங்களை வணங்குகிறார்கள் என்று கோபப்பட்டு அவற்றை உடைத்துவிட்டார். வணங்கக் கூடாது என்று நீர் தடுத்தது சரி, ஆனால் உடைத்தது தவறு, எழுத்து அறியாதவர்கள் சுவரில் பார்த்தாவது வாசிக்கட்டும் என்பதே கிரகோரியின் பதிலின் சாரம். 'படம் பாமரரின் புத்தகம்' என்று இன்றுவரை நாம் சொல்லி வருவது அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் புத்தகம் என்றால், வாசிக்கச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டுமே. அகரம் தெரியாதவன் கையில் புத்தகத்தைக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? திருத்தூதர் பணிகளில் எத்தியோப்பிய அலுவலர் எசாயாவின் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் தேரில் போனார். ஏடு இருந்தும், பிலிப்பு ஏறி உட்காரும்வரை அவருக்குப் பொருள் விளங்கவில்லை. படத்துக்கும் அப்படியே.

நம் ஆலயங்களில் உள்ள சிலுவைப்பாதைப் படங்களை எடுத்துக்கொள்வோம். பதினான்கு நிலைகள் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமென்ட் 1731-இல் வரையறுத்தார். அதற்கு முன் எண்ணிக்கை இடத்துக்கு இடம் வேறுபட்டது. பிரான்சிஸ்கன் துறவியர் அதை உலகெங்கும் கொண்டுபோனார்கள். எல்லா ஆலயங்களிலும் உண்டு. தவக்காலத்தில் எல்லாரும் அதைச் சுற்றி வருகிறோம். ஆனால் அந்தப் படங்களை நாம் எப்படி வாசிக்கக் கற்றோம்? நம்மில் பெரும்பாலோருக்கு ஒரு பாட்டியோ, ஓர் உபதேசியாரோ, மறைக்கல்வி ஆசிரியையோ கையைப் பிடித்து நிறுத்திச் சொல்லியிருப்பார்கள்: 'இங்க பாரு மக்ளே, சீமோன் சிலுவையைச் சுமக்காரு, அவரு வேணும்னு சுமக்கல்ல, பிடிச்சு சுமக்க வச்சாங்க.' அந்த ஒரு சொல் போதும். பிறகு வாழ்நாள் முழுதும், விருப்பமில்லாத ஒரு சுமை தோளில் விழும்போது சீமோன் நினைவுக்கு வருவார். சீமோனின் முகத்தை வரைந்த ஓவியர் யாரென்று தெரியாது. பாட்டியின் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. இருவரும் சேர்ந்து ஒரு பிள்ளைக்குள் நம்பிக்கையை ஊன்றினார்கள்.

இப்போது படங்கள் பெருகிவிட்டன. கைபேசியைத் தொட்டால் ஆயிரம் இயேசு. காலை வணக்கத்தோடு ரோஜாப்பூவும் இயேசுவும் சேர்ந்து வருகிறார்கள். சொல்லிக்கொடுக்க நிற்கும் பாட்டிமார்தான் குறைந்துவிட்டார்கள். (திருவிழா நேரத்து ஃப்ளெக்ஸ் பலகைகளில் புனிதரின் முகம் சிறிதாகவும் நன்கொடை கொடுத்தவர்களின் முகம் பெரிதாகவும் வருவதைப் பற்றி இன்று பேச வேண்டாம்; அதற்குத் தனியாக ஒரு ஞாயிறு தேவை.)

ஓவியர்களுக்கும் ஆசான்கள் தேவைப்பட்டார்கள். நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஜோதி சாகி என்ற கிறிஸ்தவ ஓவியர். 1944-இல் பூனாவில் பிறந்தவர். தந்தை பஞ்சாபி, தாய் ஆங்கிலேயர். இலண்டனில் ஓவியக் கல்லூரியில் படித்தார். கையில் தொழில் இருந்தது, எதை வரைவது என்ற கேள்வியும் கூடவே இருந்தது. இந்தியா திரும்பிய அவருக்கு இருவர் வழிகாட்டினார்கள்.

ஒருவர் லாரி பேக்கர். திருவனந்தபுரத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து ஏழைகளுக்குக் குறைந்த செலவில் வீடு கட்டிக் கொடுத்த கட்டடக் கலைஞர். நம் மாவட்டத்துக் கொத்தனார்கள் பலர் அவருடைய பெயரை அறிவார்கள். குவேக்கர் சபையைச் சேர்ந்த இவர் 1940-களில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். ஒரு வீட்டைச் சுற்றி ஐந்து மைல் தூரத்துக்குள் கிடைக்கும் பொருளைக் கொண்டே அதைக் கட்ட வேண்டும் என்று காந்தி சொன்னதைத் தாம் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை என்று பேக்கர் சொல்லி வந்தார். மற்றவர் தந்தை பீட் கிரிஃபித்ஸ், ஆங்கிலேயத் துறவி. கேரளத்தில் வாகமண் மலையில் உள்ள குரிசுமலை ஆசிரமத்தின் தொடக்க காலத்தில் இருந்தவர், 1968-இல் நம் தமிழகத்துக்கு வந்து குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் உள்ள சாந்திவனத்தை 1993-இல் இறக்கும்வரை நடத்தியவர். இந்தத் துறவி அந்த இளம் ஓவியரை ஆசிரமத்துக்கு அழைத்தார்.

ஐந்து மைல் என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் அசைபோட்டுப் பாருங்கள். காந்தி வீட்டைப் பற்றிச் சொன்னார், பேக்கர் அதைச் செங்கல்லில் செய்தார், அவரோடு வேலை செய்த ஓவியர் இந்திய மண்ணின் மரத்தையும் நீரையும் கோலத்தையும் எடுத்து நற்செய்தியை வரைந்தார். ஓர் ஆசானிடமிருந்து அடுத்தவருக்குப் போகும்போது சொல் அப்படியே போவதில்லை, வேறு பொருளாக முளைக்கிறது. பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையத்தை 1967-இல் தொடங்கிய தந்தை அமலோர்பவதாஸ் நம் தமிழ்க் குரு. அந்த நடுநிலையத்தின் கலைப் பணிகளிலும் ஜோதி சாகியின் கை உண்டு. பின்னர் பெங்களூர் அருகே சில்வேபுரா கிராமத்தில் 1983-இல் ஒரு கலை ஆசிரமத்தைத் தொடங்கி, தாம் பெற்றதை இளைஞர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார்.

சாந்திவனத்தின் ஆலயத்தைப் பார்த்தவர்கள் அதன் நுழைவாயிலும் விமானமும் தென்னாட்டுக் கோயில் போல இருப்பதைக் கண்டிருப்பீர்கள். மேலே கிறிஸ்து வெவ்வேறு நிலைகளில் நான்கு திசையையும் நோக்கி அமர்ந்திருக்கிறார். இதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு, மயங்கிப்போகிறவர்களும் உண்டு. நம் கருத்து இதுதான்: கோயில் வடிவத்தைக் கடன் வாங்குவது எளிது, அந்த வடிவத்தோடு வாழும் அயலாரை மதிக்கக் கற்பது கடினம். இரண்டாவது இல்லாமல் முதலாவதைச் செய்தால் அது வெறும் அலங்காரம். கோபுர வடிவம் இல்லாத சாதாரண ஓட்டுக்கூரை ஆலயத்திலும் இரண்டாவதைச் செய்ய முடியும். சங்க ஏடுகளில் ஒரு செய்தியும் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டின் ஏழாம் பிரிவு திருக்கலையைப் பற்றியது. கலைஞர்கள்மேல் ஆயர்கள் அக்கறை கொண்டு அவர்களை உருவாக்க வேண்டும் என்றும், குருமாணவர்களுக்குத் திருக்கலையின் வரலாற்றைக் கற்பிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. அதாவது ஓவியருக்குச் சம்பளம் மட்டும் கொடுத்து அனுப்பிவிடாதே, உடன் நட என்பது.

இதற்கு விவிலியத்தில் வேர் உண்டு. கடவுளின் ஆவியால் நிரப்பப்பட்டதாக விவிலியத்தில் முதலில் சொல்லப்படும் கைவினைஞர் யார் தெரியுமா? பெட்சலேல். பாலைநிலத்தில் சந்திப்புக் கூடாரத்துக்காகப் பொன்னையும் வெண்கலத்தையும் மரத்தையும் செதுக்கியவர். விடுதலைப் பயண நூலின் முப்பத்தொன்றாம், முப்பத்தைந்தாம் அதிகாரங்களைத் திறந்து வாசியுங்கள். அவருக்கும் அவருடைய துணைவர் ஒகொலியாபுக்கும் கடவுள் கொடுத்த வரங்களின் பட்டியலில், செதுக்கும் திறமையோடு பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் ஆற்றலும் இருக்கிறது. வேலை செய்யத் தெரிந்தால் போதாது, சொல்லிக்கொடுக்கவும் வேண்டும் என்பதால்தான் ஆவி இரண்டையும் சேர்த்தே தந்தார். நம் ஊர்த் தச்சர்களும் படகு கட்டுகிற மேஸ்திரிகளும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், இது உங்களுக்கும் உரிய வார்த்தை.

இப்போது சற்றுக் கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டும். தேவசகாயத்தின் பாடுகளைச் சித்திரிக்கும் சில படங்களிலும் மேடை நாடகங்களிலும், அவரைத் துன்புறுத்திய வீரர்களை அரக்கர்களைப் போலக் காட்டுகிறார்கள். பெரிய மீசை, சிவந்த கண், நெற்றியில் பட்டையாக ஒரு குறி. பார்க்கும் பிள்ளை அந்தக் குறியை மனத்தில் வைத்துக்கொள்கிறது. மறுநாள் தெருவில் அதே குறியோடு வரும் பக்கத்து வீட்டு அண்ணனைப் பார்க்கிறது. நாம் வேறெங்கும் இல்லை, மண்டைக்காட்டில் இருக்கிறோம். மாசிக் கொடைக்கு இலட்சக்கணக்கான மக்கள் பகவதி அம்மனைத் தேடி வரும் ஊர் இது. 1982-இல் இங்கே என்ன நடந்தது, யார் வீட்டில் அழுகை கேட்டது என்பதைப் பெரியவர்களிடம் கேட்க வேண்டியதில்லை. அவர்கள் பேசாமல் இருப்பதிலேயே தெரியும். ஒரு படம் நம்பிக்கையை வளர்ப்பதுபோலவே பகையையும் வளர்க்கும். ஆகவே பங்கில் நாடகம் போடுகிற இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீரர்களுக்கு மனித முகம் கொடுங்கள். கட்டளைக்குப் பயந்தவன், கூலிக்கு வந்தவன், மனம் கலங்கியும் கையை நிறுத்த முடியாதவன் என்று நடியுங்கள். சங்கிலி பூட்டுகிறவனின் கையும் நடுங்கலாம். அப்படிக் காட்டினால் தேவசகாயத்தின் பொறுமை குறைந்துபோகாது, இன்னும் ஆழமாகத் தெரியும்.

இன்னொன்று, சாதி அடையாளம். தேவசகாயம் திருமுழுக்குக்குப் பின் தாழ்த்தப்பட்ட மக்களோடு கலந்து பழகினார், உடன் உண்டார். அதுவும் அவர்மேல் வந்த வெறுப்புக்கு ஒரு காரணம். அவரை நெடுங்காலம் சாதிப் பட்டத்தோடு சேர்த்தே அழைத்து வந்தோம். புனிதர் பட்டத்தின்போது திருஅவை அவரை அந்தப் பட்டம் இல்லாமல், தேவசகாயம் என்ற பெயராலேயே அறிவித்தது. நம் வீட்டுப் படங்களுக்குக் கீழே இன்னும் பழைய பெயர் அச்சிடப்பட்டிருந்தால் படத்தைக் கழற்ற வேண்டாம். ஆனால் ஏன் அந்தச் சொல் நீங்கியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். படத்துக்குக் கீழுள்ள எழுத்தையும் வாசிக்கக் கற்பிக்க வேண்டியதுதான்.

பெற்றதைத் தேவசகாயம் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. முதலில் தம் மனைவி பார்கவியிடம் சொன்னார். அவர் தயங்கினார், கேட்டார், பிறகு ஏற்றார். ஞானப்பூ என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். திருமுழுக்குப் பெற்று நான்கு ஆண்டுகள்கூட நிறையாத நிலையில் 1749-இல் தேவசகாயம் கைதானார். எருமைமேல் பின்புறம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிவைத்தார்கள். அங்கேயும் மக்கள் அவரைத் தேடி வந்து ஆறுதல் கேட்டுப் போனார்கள். கேட்டு அறிந்தவர் மூன்றாண்டுச் சிறையில் மற்றவர்களுக்குச் சொல்பவரானார். 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய எலும்புகள் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் பீடத்தின் முன் அடக்கம் செய்யப்பட்டன.

டிலனாய் அதற்குப் பிறகும் இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தார், அதே அரசின் படைத்தலைவராக. இதை எண்ணிப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. தாம் சொன்ன கதையைக் கேட்டுப் புறப்பட்ட நண்பர், தாம் பயிற்சி கொடுத்த படையைச் சேர்ந்த துப்பாக்கிகளுக்கு முன்னே நின்றார். வழிகாட்டி எல்லாத் தூரமும் கூட வர முடிவதில்லை. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி அக்கரைக்கு அனுப்பிய பெற்றோர் இதை அறிவார்கள். படகில் ஏறும் மகனைக் கரையில் நின்று பார்க்கும் தாய்மார் இன்னும் நன்றாக அறிவார்கள். சொல்லிக்கொடுக்கலாம், சங்கிலியை அவர் கையில்தான் பூட்டுவார்கள், நம் கையில் அல்ல.

டிலனாயின் கல்லறை எங்கே என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? திங்கள்நகர் வழியாகத் தக்கலைக்குப் போய்ச் சற்றுத் தள்ளினால் புலியூர்க்குறிச்சி. அங்கே உதயகிரிக் கோட்டைக்குள், இப்போது வனத்துறை பராமரிக்கும் பூங்காவின் நடுவில், கூரையற்ற ஒரு சிற்றாலயச் சுவர்களுக்குள் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1777 ஜூன் 1-ஆம் நாள் இறந்தார். கல்லறைக் கல்லில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்து இருக்கிறது. பக்கத்திலேயே மனைவி, மகன். அதே புலியூர்க்குறிச்சியில்தான் முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. தாகத்தால் தவித்த தேவசகாயம் முழங்கையால் இடிக்க, நீர் சுரந்ததென்று நாம் வணங்கும் பாறை. ஆண்டு முழுதும் அங்கே கூட்டம். பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். ஆசானின் கல்லறைக்குப் போகிறவர்கள் கையால் எண்ணக்கூடியவர்கள். போகிறவர்களிலும் பலர் மரங்களைப் பார்க்கப் போனவர்கள்.

அவருக்கு ஒரு சுரூபம் வைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. திருஅவை அவரைப் புனிதர் என்று அறிவிக்கவும் இல்லை. அவர் செய்த வேலையை நம் பங்கில் யார் செய்கிறார்கள் என்பதே நம் கேள்வி. அந்த வேலைக்குத் திருஅவை ஒரு பதவியே வைத்திருக்கிறது: ஞானத்தந்தை, ஞானத்தாய். திருஅவைச் சட்டம் சொல்வதைச் சுருக்கமாகச் சொன்னால், அவர் பதினாறு வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். நற்கருணையும் உறுதிபூசுதலும் பெற்றவராக, தம் பொறுப்புக்கு ஏற்ற நம்பிக்கை வாழ்வு நடத்துபவராக இருக்க வேண்டும். குழந்தையின் தந்தையோ தாயோ ஆகக் கூடாது. இவ்வளவுதான். மோதிரம் போட வேண்டும், சங்கிலி போட வேண்டும் என்று எங்கும் எழுதியில்லை. ஆனால் நடப்பது என்ன? எந்த மாமா எத்தனை கிராம் போடுவார் என்று கணக்குப் போட்டு ஞானத்தந்தையைத் தேர்ந்தெடுக்கிறோம். வசதியில்லாத, ஆனால் நாள்தோறும் செபிக்கிற ஒரு சித்தியை, அவளால் ஒன்றும் போட முடியாது என்பதற்காகவே விட்டுவிடுகிறோம். அவளுக்கும் கூச்சம், ஒதுங்கிக்கொள்கிறாள். பிள்ளை பொன்னைப் பெறுகிறது, முகத்தைப் பார்த்து 'என்ன மக்ளே வாடியிருக்க?' என்று கேட்கும் ஓர் ஆளை இழக்கிறது. பதினேழு, பதினெட்டு வயதில், அப்பா அம்மாவிடம் சொல்ல முடியாததை யாரிடம் சொல்வதென்று தெரியாமல் தவிக்கும் பிள்ளைகள் நம் ஊரில் இருக்கிறார்கள் என்பதைப் பங்குத்தந்தையாக அறிவோம். அந்த நேரத்தில் அந்தச் சித்தி வேண்டும்.

ஆகவே வருகிற மாதம் முதல், திருமுழுக்குக்குப் பெயர் கொடுக்க வரும்போது ஞானப் பெற்றோரும் கூட வர வேண்டும். இரண்டு மாலை நேரம் போதும். முதல் மாலை திருமுழுக்குச் சடங்கை விளக்குவோம். இரண்டாம் மாலை ஆலயத்துக்குள் நடந்து, ஒவ்வொரு சுரூபத்தின் முன்னும் படத்தின் முன்னும் நின்று, இதைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பழகுவோம். மறைக்கல்வி ஆசிரியைகள் இருவர் உதவ முன்வந்திருக்கிறார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கு நேரம் ஒத்துவராவிட்டால் வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாம். அன்பியப் பொறுப்பாளர்களிடம் சொல்லுங்கள்.

ஜனவரி 14-ஆம் நாள் காற்றாடிமலைக்குத் திருப்பயணம் போகும் பேருந்து, இந்த ஆண்டு போகும் வழியில் உதயகிரிக் கோட்டையில் ஒரு மணி நேரம் நிற்கும். ஞானப் பிள்ளைகள் இருப்பவர்கள் அவர்களையும் கூட்டி வாருங்கள். பொங்கல் வேலை இருக்கும், தெரியும், மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம். வரையத் தெரிந்த பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்து வரட்டும்.